மாப்பிள்ளை போட்ட லோகோவும் நடுவுல நின்ன லிஃப்ட்டும்

பேத்தி பொறந்து பதினெட்டு நாள். லிஃப்ட்காரருக்குத் தரையில கால் பாவல. கைப்பையில ஸ்பேனர் இருக்கோ இல்லையோ, போன்ல பேத்தி படம் இருநூறு இருக்கும். லிஃப்ட் ரிப்பேருன்னு கூப்பிட்டவங்ககிட்ட எல்லாம், "என்ன கோளாறு?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "பாருங்க, இது கொட்டாவி விடறது. இது தும்முறது. இது தும்மலாமா வேணாமான்னு யோசிக்கறது"ன்னு காட்டிட்டுத்தான் மறுவேலை.

இருபத்தாறு வருஷமா அவருக்கு லிஃப்ட்தான் பொழப்பு. அவரும் கூட்டாளி ஒருத்தரும் சேர்ந்து நடத்தற சின்ன கம்பெனி. அவங்க கைவசம் இருக்கறதிலேயே பெரிசு அந்த ஆறு மாடிக் கட்டடம். ரெண்டு லிஃப்ட். அதுக்கான ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. அங்க குடியிருக்கறவங்க சங்கத்துச் செயலாளரம்மா பட்டுனு சொல்லிட்டாங்க.

"உங்க வேலையில குறை இல்லீங்க. ஆனா உங்க வெப்சைட்டைத் திறந்தா பழைய இரும்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. இன்னொரு கம்பெனி வந்து பளபளன்னு காட்டிட்டுப் போயிருக்காங்க. எங்க ஆளுங்க அதைப் பாத்து மயங்கிக் கெடக்கறாங்க. நீங்களும் கொஞ்சம் மூஞ்சி கழுவிட்டு வாங்க."

கட்டடம் கைவிட்டுப் போனா கம்பெனி பாதி படுத்துரும். லிஃப்ட்காரர் நேரா மாப்பிள்ளைகிட்ட போனார். மாப்பிள்ளைக்கு அதுதான் தொழில். வெப்சைட்டுக்கு லோகோ போடறது, கலர் பாக்கறது, எழுத்து பாக்கறது எல்லாம்.

பழைய லோகோ லிஃப்ட்காரர் தானே போட்டது. மஞ்சள் கட்டம், அதுல கறுப்பா ஒரு பெட்டி, மேல ஒரு அம்பு, கீழ ஒரு அம்பு. பக்கத்துல கம்பெனி பேரைவிடப் பெரிசா போன் நம்பர்.

மாப்பிள்ளை அதை ரொம்ப நேரம் பாத்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. இது லோகோ இல்ல. பள்ளம் இருக்கு, பாத்துப் போன்னு ரோட்டுல வைப்பாங்களே, அது."

"உங்க இஷ்டம் மாப்ள. நீங்க எது செஞ்சாலும் சரி."

பத்து நாள்ல புதுசு வந்துருச்சு. வெள்ளி நிறத்துல மெல்லிசா ஒரே ஒரு கோடு, பூக்காம்பு மாதிரி வளைஞ்சு மேல போகுது. கீழ சாம்பல் கலர்ல மூச்சுவிட்டா பறந்துரும்போல எழுத்து. வெப்சைட் முழுக்க அதே சாம்பல், அதே வெள்ளி. லிஃப்ட்டுக்குள்ள ஒட்டறதுக்கு அதே மாதிரி ஸ்டிக்கர். செயலாளரம்மா பாத்துட்டு "அடடே!"ன்னாங்க. மாப்பிள்ளை முகத்துல வெளிச்சம்.

லிஃப்ட்காரருக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஏதோ உறுத்திச்சு. நம்பரைத் தேட வேண்டியிருக்கே. ஆனா மாப்பிள்ளைகிட்ட எப்படிக் குறை சொல்றது? அதுவும் தங்க விக்கிரகம் மாதிரி ஒரு பேத்தியைக் குடுத்த மாப்பிள்ளை. சொல்ல வந்ததை மென்னு முழுங்கிட்டார்.

ஸ்டிக்கர் ஒட்ட மாமனாரும் மாப்பிள்ளையும் கட்டடத்துக்குக் கிளம்பினாங்க. முதல் லிஃப்ட்ல பழைய மஞ்சளைச் சுரண்டி எடுத்து, புதுசை ஒட்டி, சரியா இருக்கான்னு மேல ஏறினாங்க. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல கரண்ட் போச்சு.

லிஃப்ட் குலுங்கி நின்னுச்சு. பேட்டரி விளக்கு ஒண்ணு மின்மினி மாதிரி எரிஞ்சுது. ஃபேன் நின்ன உடனே மாப்பிள்ளைக்கு வேர்த்துருச்சு.

"மாமா, கயிறு கியிறு அறுந்துராதுல்ல?"

"அறுந்தா இந்நேரம் நாம பேசிட்டா இருப்போம்? பயப்படாதீங்க. லிஃப்ட் நின்னா என்ன செய்யணும்? ஸ்டிக்கரைப் பாத்து நம்பருக்குப் போன் பண்ணணும். பண்ணுங்க, பாப்போம்."

மாப்பிள்ளை சுவத்துக்கிட்ட மூக்கை வச்சார். லிஃப்ட்டுக்குள்ள சுவரு எவர்சில்வர். ஸ்டிக்கர் வெள்ளி. எழுத்து சாம்பல். எங்க சுவர் முடியுது, எங்க ஸ்டிக்கர் ஆரம்பிக்குதுன்னே தெரியல.

"அஞ்சா, ஆறா மாமா இது?"

"நான் எங்க கண்டேன்? நீங்க போட்டது."

சரின்னு போன்ல வெப்சைட்டைத் திறந்தார். திரை முழுக்க ஒரு மூடுபனி வந்து மெல்ல விலகுச்சு. 'உயரங்களை நோக்கி ஒரு பயணம்'னு வந்துச்சு.

"பயணம் மூணரை மாடியோட நின்னுருச்சு மாப்ள. நம்பர் எங்க?"

"கீழ போகணும் மாமா... இன்னும் கீழ..." மாப்பிள்ளை குரல் உள்ள போயிருச்சு. "தப்பு பண்ணிட்டேன் மாமா."

லிஃப்ட்காரருக்குப் பாவமாவும் இருந்துச்சு, கொஞ்சம் குஷியாவும் இருந்துச்சு. "விடுங்க. நம்பர் நான் சொல்றேன், அடிங்க"ன்னு ஒப்பிச்சார்.

மணி போய்க்கிட்டே இருந்துச்சு. யாரும் எடுக்கல. அப்பத்தான் அவருக்குப் பொறி தட்டுச்சு. அந்த நம்பர் அவரோட போன்தான். அந்தப் போன் வீட்டுல பேத்தி பக்கத்துல கெடக்கு. கொட்டாவி படம் எடுத்துட்டு, சத்தம் கேட்டா புள்ள முழிச்சுக்கும்னு ஊமையாக்கி வச்சுட்டு வந்தது அவரேதான்.

ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். மாமனார் மெதுவா விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை அவரையே பாத்தார்.

"ஆக, நம்பர் தெரிஞ்சாலும் பிரயோஜனமில்ல."

"இல்ல."

"என் பொண்டாட்டிக்குப் போடவா?"

"அவ போனையும் நான்தான் ஊமையாக்கினேன். கூட்டாளி நம்பரும் என் போனுக்குள்ளதான் கெடக்கு."

மாப்பிள்ளை சிரிச்சார் பாருங்க, லிஃப்ட்டே ஆடிச்சு. திரும்பத் திரும்ப அடிச்சதுல பதினோராவது தடவை, போன் மினுக்கறதைப் பாத்து மகள் எடுத்தா. எடுத்ததும் கிசுகிசுன்னு, "மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்கினா!"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்மா!"

"கத்தாதீங்கப்பா! யாரு மாட்டிக்கிட்டா?"

"நாங்கதான்!"

மகள் கூட்டாளிக்குச் சொல்லி, கூட்டாளி ஓடி வந்தார். வர்ற வழியில கதவைத் தட்டி, "என்ன முதலாளி, உள்ள காத்தோட்டமெல்லாம் எப்படி?"ன்னு ஒரு நக்கல். அப்புறம் மேல மெஷின் ரூமுக்குப் போய் கையால சக்கரத்தைச் சுத்தி லிஃப்ட்டை மூணாவது மாடிக்கு இறக்கினார். கதவு திறந்தா எதிர்ல செயலாளரம்மா. கட்டடம் போச்சுன்னே லிஃப்ட்காரர் முடிவு கட்டிட்டார்.

"என் தப்புங்க. நம்பர் கண்ணுக்குத் தெரியல"ன்னார் மாப்பிள்ளை.

"அவர் தப்பு இல்லீங்க. தெரிஞ்சிருந்தாலும் எடுக்க ஆள் இல்ல. அது என் தப்பு"ன்னார் மாமனார்.

அந்தம்மா ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாங்க. "இவ்வளவு உண்மை இந்தக் கட்டடத்துல நான் கேட்டதே இல்ல. நாளைக்குச் சாயங்காலம் இதே லிஃப்ட்ல நானே உள்ள நிப்பேன். விளக்கை அணைப்பேன், கண்ணாடியக் கழட்டுவேன். எனக்கு நம்பர் தெரியணும், கூப்பிட்டா ஆளு எடுக்கணும். இல்லேன்னா அந்தப் பளபளக் கம்பெனிதான்."

மறுநாள் முழுக்க வீட்டுக் குளியலறைதான் பரிசோதனைக் கூடம். மாப்பிள்ளை ஒவ்வொண்ணா அச்சடிச்சுக் கொண்டாருவார், மாமனார் விளக்கை அணைப்பார், மாமியார் உள்ள நின்னு படிப்பாங்க. "ஏங்க, மூணு எட்டு மாதிரி இருக்கு. அடுத்தது!" மாப்பிள்ளையோட வளைஞ்ச கோட்டை யாரும் விட்டுத்தரல. அழகாத்தான இருந்துச்சு. ஆனா மஞ்சள் மேல கறுப்பா, விரல் தடிமன்ல. நம்பர் அதைவிடத் தடிமன். கூட்டாளி நம்பரும் ரெண்டாவதா சேந்துச்சு. வெப்சைட்ல மூடுபனி போயிருச்சு. திறந்த உடனே நம்பர்தான், தொட்டா போதும், மணி அடிக்கும்.

சாயங்காலம் அந்தம்மா சொன்ன மாதிரியே இருட்டுல நின்னு, நம்பரை உரக்கப் படிச்சு, போன் போட்டாங்க. வெளிய நின்ன லிஃப்ட்காரர் முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கம்மா, எந்த மாடி?"ன்னார்.

கதவைத் திறந்து வெளிய வந்து, அதே கதவு மேல ஒப்பந்தத் தாளை வச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. தம்பி, அந்தக் கோடு நல்லா இருக்குப்பா."

மாப்பிள்ளைக்குக் காது வரைக்கும் சிரிப்பு. லிஃப்ட்காரர் கீழ போக பட்டனை அழுத்தினார்.

"மாமா, நீங்க போங்க. நான் படியில வரேன்."

"சரி, நானும் வரேன் வாங்க"ன்னு அவரும் கூடவே இறங்கினார். "ஆமா மாப்ள, பேத்தியோட அந்த மூக்கு... யார் என்ன சொன்னாலும் அது என் மூக்குதானே?"

"ரெண்டு வருஷம் போகட்டும் மாமா, அப்புறம் பேசுவோம்."