எக்ஸ்போர்ட் செய்யாத தமிழ்

மைசூரில் நான் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கன்னடத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். மார்டள்ளி, ஹனூர் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து வரும் வயசாளிகள் சிலர் கூப்பிட்டது தெரியாமலே உட்கார்ந்திருப்பார்கள். தமிழிலும் சொல்ல வைக்கிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். என் குரலிலேயே பதிவும் செய்தேன். இன்றைய காலை ஓ.பி. முடிவதற்குள் தமிழ் வராவிட்டால் இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார் மேலாளர்.

டெர்மினலைத் திறந்து, மொழி என்ற மாறியில் கன்னடத்தோடு தமிழையும் சேர்த்தேன். அங்கிருந்தே அறிவிப்பு நிரலை ஓடவிட்டேன். மொழி எதுவும் சொல்லாவிட்டால் கன்னடம் மட்டும் பேசுவது அதன் வழக்கம். இப்போதும் அதையே செய்தது. மாறியில் என்ன இருக்கிறது என்று டெர்மினலுக்குள் கட்டளை வாங்கும் ஷெல்லைக் கேட்டால், தமிழும் இருக்கிறது என்று சமர்த்தாகச் சொல்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

பக்கத்து மேசைத் தோழி கன்னடக்காரி, என்னோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவள். "ஏனு, உன் தமிழு உனக்கு மட்டும்தான் கேக்குதா?" என்று சீண்டினாள். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். அதுதான் சங்கதி. ஷெல்லில் வைத்தது ஷெல்லோடு சரி. அது கிளப்பிவிடும் நிரலுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சொன்னேன். அப்போதும் கன்னடம் மட்டும்தான். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடம் இருப்பது கிளம்பும்போது கொடுத்தனுப்பிய நகல்தான். பின்னால் நான் சேர்ப்பது அதற்கு எட்டாது. நிறுத்திவிட்டுப் புதிதாகக் கிளப்பினேன். கன்னடம் முடிந்ததும் என் குரல் வந்தது.

"டோக்கன் நாப்பத்தி மூணு, அஞ்சாம் ரூமுக்கு வாங்க."

வாசலோரம் இருந்த ஒரு வயதான அம்மா, பக்கத்தில் யாரையும் கேட்காமல் எழுந்து நடந்தார். "ஸரி, இர்லி" என்றார் மேலாளர். இருக்கட்டுமாம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

டாக்டரைப் பார்த்து முடித்த அந்த அம்மா, விசாரித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"மைக்குல கூப்புட்டது நீதானா கண்ணு? மார்டள்ளிப் புள்ளையா?"

நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவள். மார்டள்ளியைப் பார்த்ததுகூட இல்லை.

"ஆமாங்கம்மா" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.