கண்ணாடி வேர்த்த அறை

எங்கள் வீடு கோழிப்பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. நாமக்கல் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டால் பண்ணை ஈ மொய்த்துவிடும். சோற்றில் நாம் கை வைப்பதற்குள் அது உட்கார்ந்திருக்கும். அதனால் மகள் பிறந்ததுமே படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தி, வெளிப்பக்கமாகப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டிவிட்டோம். ஈ நின்றது. வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

போன ஐப்பசியில் மகளுக்கு இளைப்பு வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை, மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு தெரியும். மருந்து கொடுத்தால் கேட்கும், மறுபடி வரும். வெளியே துணி காயாததால் அவள் அறையிலேயே கொடி கட்டி ஃபேனைச் சுழலவிட்டோம். சளிக்கு நல்லதென்று வெந்நீர் ஆவியும் அங்கேயேதான். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழியும். துடைப்பேன், மறுநாளும் வழியும். பாழாய்ப்போன மழை என்று திட்டுவேன்.

என் கணவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்து கோழிகள் அடங்கியதும் கொட்டகைக்குள் போய்ச் சத்தமில்லாமல் நிற்பார். அதுகளின் மூச்சில் கர்கர் என்று கேட்டால் உள்ளே ஈரம் தங்கிவிட்டது என்று அர்த்தம். மழை பெய்தாலும் கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கும் படுதாவைக் கொஞ்சம் திறந்து காற்று ஓட விடுவார்.

ஒருநாள் சாயங்காலம் கொட்டகையிலிருந்து நேராக வந்தவர், மகள் தூங்கும் அறை வாசலில் அதேபோல நின்றுவிட்டார். பிறகு கட்டிலை இழுத்தார். அவள் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. தொட்டால் ஈரம் கையில் ஒட்டியது.

"கோழிய இப்படி அடைச்சு வெச்சிருந்தா இந்நேரம் பாதி செத்திருக்கும், புள்ள" என்றார்.

"மொதல்ல வாயக் கழுவுங்க" என்றேன். கோபம் அவர்மேல் இல்லை.

அன்றைக்கே பிளாஸ்டிக் தாளைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தோம். துணிக்கொடி வெளி வராந்தாவுக்குப் போனது. சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டோம். இப்போது கண்ணாடி வேர்ப்பதில்லை. ஈதான் வந்துவிட்டது; அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விரட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வப்போது குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறேன். இளைப்புச் சத்தம் குறைந்துவிட்டதா, என் காதுக்கு அது பழகிவிட்டதா என்றுதான் தெரியவில்லை.