ஜல்லி ரோட்டின் மறுமுனை

பேச்சியம்மாள் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு காரில் வந்தது. அன்று காலை குருவிகுளம் ரோட்டில், சங்கரன்கோவில் பக்கத்து முனையில் கொடியோடு நின்றேன். மறுமுனையிலிருந்து வந்த கடைசி வண்டியின் டிரைவர் கண்ணாடியை இறக்கி வேப்பங்கொப்பை நீட்டினார். "அங்கன இன்னைக்கு மேஸ்திரிதான் நிக்காரு. பேச்சியம்மா நெஞ்சுவலியில தவறிட்டாளாம். உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு" என்றார். என் பின்னால் காத்திருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் பச்சைக் கொடியைக் காட்டினேன்.

இதைப் படிக்கும் உங்களில் அக்காவோடு ரோட்டு வேலை பார்த்தவர்களுக்கு அந்த வேப்பங்கொப்பைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் அரித்த ரோட்டைக் கார்த்திகையிலும் மார்கழியிலும் சரி செய்வோம். தார் ஊற்றி அதன்மேல் பொடி ஜல்லி விரிப்போம். பாதி ரோட்டில் வேலை நடக்கும்போது, முந்தின நாள் விரித்த மறுபாதியில் வண்டிகளை விடுவோம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். நடுவில் ஓடைப்பாலத்து வளைவு இருப்பதால் இரண்டு முனையில் நிற்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதனால் கடைசியாக விடும் வண்டியில் ஒரு வேப்பங்கொப்பைக் கொடுத்தனுப்புவோம். கொப்பு வந்துவிட்டால் எதிரே இனி வண்டி இல்லை.

மறுமுனையில் நிற்கும் அக்கா கொப்போடு நிறுத்தமாட்டார். அவித்த மொச்சை, கொய்யாப்பழம் என்று எனக்கு ஏதாவது சேர்ந்து வரும். ஒருநாள் சபரிமலைக்குப் போகும் காரில், கறுப்பு வேட்டி கட்டிய சாமி ஒருவர் மடியில் தூக்குவாளியை அணைத்தபடி வந்து இறங்கினார்.

"பாப்பா, இது ரசமாம். ஒரு சொட்டு சிந்தினாலும் அய்யப்பன் கேப்பான்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கிட்டு வாரோம்."

பின்னால் வந்த வண்டிகளும் அந்தக் காரை முந்த முடியாமல் ஊர்ந்துதான் வந்தன. அன்று டயரிலிருந்து ஒரு ஜல்லிகூடத் தெறிக்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபோதுகூட டீச்சரிடம் போய்ச் சொல்லவில்லை. இந்த வேலையில் சேர்ந்த பிறகு, "மெதுவாப் போங்க" என்று சொல்வதற்குப் பதிலாகக் கையைத் தாழ்த்திக் காட்டுவேன். பாதிப் பேர் பார்ப்பார்கள். பாதிப் பேர் பார்க்கமாட்டார்கள்.

பார்க்காத ஒருவர், கோயிலில் பூசை போட்டுவிட்டு மாலையோடு வந்த புதுக் காரில் போனார். முன்னால் போன வேனை ஒட்டிக்கொண்டே வேகமாகப் போனார். வேனின் டயரிலிருந்து தெறித்த ஜல்லி அவருடைய பானெட் முழுவதும் பெயிண்டைப் பெயர்த்துவிட்டது. திரும்பி வந்து மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார்.

"பாரும்வே, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிட்டு! இந்தப் பிள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுச்சா?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? நாளையிலேருந்து வராத. பேசுத ஆள நிறுத்திக்கிடுதேன்."

அப்பா இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு எங்கள் வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில்தான். அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. சத்தம் கேட்டு வளைவைத் தாண்டி நடந்து வந்த அக்காதான் சொன்னார்: "அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் பொறுங்க. அவளுக்குப் பதிலாப் பேசுததுக்கு ஒரு ஆளக் கூட்டியாரேன்."

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து அக்கா தலையில் ஒரு சிவப்புக் கார்க் கதவோடு இறங்கினார். பழைய இரும்புக் கடையில் கேட்டு வாங்கியது.

"கண்டக்டர் கேக்கான், மீதிக் காரு எங்கம்மான்னு. பின்னால வருதுன்னுட்டேன்" என்றார்.

கதவைத் தார் டிரம்மில் சாய்த்து வைத்து, ஜல்லியை அள்ளி அதன்மேல் எறிய ஆரம்பித்தார். பெயிண்ட் பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்தது. என் கையிலும் ஒரு பிடி ஜல்லியைத் திணித்தார். "எறிட்டி. நேத்து வந்தவன நெனச்சுக்கோ, கை தானா வரும்." வந்தது.

அன்று என் முனையில் நின்ற ஒவ்வொரு டிரைவரும் அந்தக் கதவைப் பார்த்தார். சிலர் இறங்கி வந்து தடவிப் பார்த்தார்கள். நான் ரோட்டில் கிடக்கும் ஜல்லியைக் காட்டினேன், பிறகு அவர்கள் பானெட்டைக் காட்டினேன். அவ்வளவுதான். வண்டிகள் எறும்பு மாதிரிப் போயின. மேஸ்திரி மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது, "நாளைக்கு வரும்போது ஒரு துணி கொண்டா. கதவு தூசியாக் கெடக்கு" என்றார். நான் நாளைக்கும் வரலாம் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நானும் சத்தமாப் பேசிப் பழகிக்கிடுதேன்க்கா" என்றேன். அக்கா சிரித்தார். "எதுக்குட்டி? ஊர்ல பேசுதவுகளுக்குப் பஞ்சமா?"

அவர் வீடு இளையரசனேந்தல் பக்கம். துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்குப் போனபோது அவருடைய கணவர் சுவரில் சாய்ந்து, ஒரு சொல்லும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் அவரை உலுக்கினார்கள். "வாய் விட்டு அழுதுரும்வே. இப்படி இருந்தா நெஞ்ச அடைச்சுக்கிடும்." நான் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கூட்டம் குறைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்யாணமான நாள்லேருந்து எல்லாரும் என்னப் பேசு பேசுன்னுதான் சொல்லுதாவ, தாயி. அவ ஒருத்திதான் சொன்னதில்ல. பக்கத்துல உக்காந்து அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பா."

ரோட்டில் எல்லாரையும் வாயாலேயே நிறுத்தி வைத்த அக்காவுக்கு, பேசாதவர்களோடு இருப்பது எப்படி அவ்வளவு எளிதாக வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது மறுமுனையில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். வந்த முதல் நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் எல்லாரும் வேப்பமரத்தடியில் சாப்பிட, அவள் மட்டும் ரோடு ரோலரின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் என் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏன் பேசமாட்டேங்கிறாய் என்று கேட்கவில்லை. பேச்சியம்மாள் அக்காவிடமிருந்து வந்து என்னிடம் இருப்பது இதுதான்.