என் பெயரில் பதினொரு நாள் விடுப்பு

நான் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரியோடு திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பப் பல மாதம் ஆகும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டி ஓடாது. வீட்டில் நான் இருப்பது அந்த நாட்களில்தான்.

என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். பதினொன்றில் எந்தக் குரூப் சேர்ப்பது என்று என் மனைவி போனில் கேட்டபோது வண்டி துளை போட்டுக்கொண்டிருந்தது. கணக்கும் அறிவியலும் உள்ள குரூப், அதுவும் ஆங்கில வழி என்று கத்திச் சொன்னேன். ஊரைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள். அதில் ஒன்றுக்குள் அவள் நடந்து போவதை லாரியில் உட்கார்ந்தபடியே பல வருடம் கனவு கண்டிருந்தேன். அவளுக்கு வணிகவியல் படிக்கத்தான் ஆசை என்று மனைவி சொன்னாள். இரைச்சலில் அது காதில் விழவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. விழத்தான் செய்தது.

அந்த வருடம் நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பு ஆசிரியை மூன்று விடுப்புக் கடிதங்களை மேசையில் வைத்தார். ஒன்றில் காய்ச்சல், ஒன்றில் வயிற்றுவலி, ஒன்றில் உறவினர் திருமணம். மொத்தம் பதினொரு நாள். மூன்றிலும் என் கையெழுத்து. கடைசி எழுத்தை நான் கீழே இழுத்துச் சுழித்துவிடுவேன். அந்தச் சுழிப்புகூடப் பிசகவில்லை.

"இது நீங்க போட்டதுங்களா?" என்று கேட்டார்.

மகள் சுவரோரம் தலைகுனிந்து நின்றாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லைங்க என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்து, இத்தனை நாளும் எங்கே போனாய் என்று கேட்டேன். டவுன் பஸ்ஸில் ஏறி ஈரோடு வரை போவாளாம். இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்புவாளாம். பள்ளி விடும் நேரம் வரைக்கும் அப்படியே. அடிக்கக் கை எழுந்தது. பள்ளிச் சீருடையோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு, யார் யார் பக்கத்திலோ அவள் உட்கார்ந்திருந்ததை நினைத்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

"ஒண்ணுமே புரியலீங்கப்பா. கேள்வி கேட்டா எந்திரிச்சு சும்மா நிக்கறனுங்க. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு பயம்."

மறுநாள் தலைமையாசிரியையைப் பார்த்தோம். குரூப் மாற்ற இன்னும் அவகாசம் இருக்கிறது என்றார். ஆனால் நடந்ததை அவளே எழுதித் தரவேண்டும், விட்டுப்போன பாடங்களை அவளே எழுதி முடிக்கவேண்டும் என்றார். கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்று மனைவி என்னிடம் கெஞ்சினாள். நான் பேனாவைத் தொடவில்லை. மகள் நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதி முடித்தாள். வணிகவியல் குரூப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த வாரங்களில் வீட்டில் உட்கார்ந்து எங்கள் காலைப் பொழுதைக் கவனித்தேன். மனைவிக்கு நூல் மில்லில் காலை ஷிஃப்ட். ஐந்தரைக்கு வேன் வந்துவிடும். அதற்குள் மகளின் பையை அடுக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, மூன்று முறை உலுக்கி எழுப்பிவிட்டுப் போவாள். வெளிமாநிலத்தில் இருந்தால் நானும் போன் போட்டு எழுப்புவேன். மகள் செய்யவேண்டியதையெல்லாம் நாங்கள் இருவரும் செய்து முடித்துக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை முடிந்து வண்டி கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "இனி நான் உன்னைய எழுப்ப மாட்டேன் சாமி. நீ எந்திரிச்சு என்னைய எழுப்பு. அஞ்சு மணிக்கு."

மனைவியும் இனி எழுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டாள். மகள் என்னை எழுப்பினாள். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாள் தவறவில்லை. அன்றைக்கு என்ன பாடம், எது பாக்கி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பிறகு ஒரு நாள் ஐந்து மணிக்குப் போன் வரவில்லை. அன்று மாதத் தேர்வு என்று எனக்குத் தெரியும். ஆறு ஆனது, ஏழு ஆனது. போனைக் கையில் வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்திருந்தேன். நான் கூப்பிட்டிருந்தால் அவள் எழுந்திருப்பாள். கூப்பிடவில்லை. அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை.

பாதித் தேர்வு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் கூப்பிட்டாள். "ஏனுங்கப்பா கூப்பிடல?"

"நீதான கூப்பிடறதா பேச்சு, கண்ணு."

போனை வைத்துவிட்டாள். கல்நெஞ்சக்காரன் என்று மனைவி என்னைத் திட்டினாள். இரண்டு நாள் மகள் போன் செய்யவில்லை. நான் தவறு செய்துவிட்டேனா என்று அந்த இரண்டு நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. "எந்திரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பிளஸ் டூவில் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை, நடுத்தரம். இப்போது சேலத்தில் பி.காம் இரண்டாம் வருடம். தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் மனசுக்குள் ஏதாவது கஷ்டம் என்றால் இன்றும் முதலில் அம்மாவிடம்தான் சொல்கிறாள். என்னிடம் வந்து சேரச் சில நாள் ஆகிறது. முன்பெல்லாம் வந்து சேர்ந்ததே இல்லை. அதனால் காத்திருக்கிறேன்.