நான்காம் போர்ட்

நடந்த தேதியும் நேரமும் என் வேலைக் குறிப்பேட்டில் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

காவ்சியுங் நகரில் ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க்கைக் கவனிப்பது என் வேலை. ஆகஸ்டு ஒன்றாம் தேதி சேர்ந்தேன். இதய நோயாளிகள் வார்டில் ஒவ்வொரு படுக்கையின் கருவியும் நொடிக்கு ஒரு தரவுப் பாக்கெட் அனுப்பும். அதில் இருக்கும் நாடித்துடிப்பு நர்ஸ் மேசைத் திரையில் தெரியும். நான் சேர்ந்த நாள்முதல் ஐந்தாம் படுக்கையின் பாக்கெட்டுகள் மட்டும் தினமும் மதியம் 2:47க்குத் தொலைந்தன. சரியாகப் பதினொன்று. அந்த நேரத்தில் அங்கே படுத்திருக்கும் வெங் பெரியவரின் இதயம் நின்றால் அலாரம் அடிக்காது.

மூன்று நாள் அலைந்தேன். கேபிளை மாற்றினேன். கருவியை மாற்றினேன். எல்லாப் படுக்கைகளின் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை அணைத்துப் போட்டேன். எல்லாம் சரி என்றது கணினி. 2:47க்குப் பதினொன்று போயிற்று.

"பதினோரு பாக்கெட்டைப் பிடிக்க மூணு நாளா? மீன்காரன்கிட்ட விட்டிருந்தா வலை போட்டே பிடிச்சிருப்பான்," என்றார் மேலாளர் குவோ, போனில்.

பெட்டி மக்கர் பண்ணாமல் இருக்க அதன் மேல் நாங்கள் வைக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பையை நர்ஸ் ஷியூஃபென் திருப்பிப் பார்த்தாள். "தேதி முடிஞ்சு போச்சே. பெட்டி எப்படிச் சொன்ன பேச்சைக் கேக்கும்?"

புதுப் பை வாங்கி வைத்தேன். அப்போதும் பதினொன்று போயிற்று.

நான்காம் நாள், 2:40. சுவிட்ச் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் மருத்துவமனைகளில் நான்காம் எண் படுக்கை கிடையாது. அந்த எண் சாவைக் கூப்பிடும் என்பார்கள். அதே வழக்கத்தில் சுவிட்சிலும் நான்காம் போர்ட்டை, அதாவது கேபிள் செருகும் நான்காம் துளையை, காலியாக விடுவோம். இதில் யாரோ சிவப்பு டேப்பும் ஒட்டியிருந்தார்கள்.

2:47.

டேப்புக்கு மேலே... பச்சை விளக்கு சிமிட்டியது.

கேபிளே இல்லாத போர்ட்.

ஒன்று... இரண்டு... பதினொன்று. நின்றது.

மறுநாள் 2:45க்கு, இருந்த எரிச்சலில், டேப்பைக் கிழித்து என் மடிக்கணினியின் கேபிளைச் செருகினேன்.

க்ளிக்.

2:47. தொலைந்த பதினொன்றும் என் திரையில் வந்து விழுந்தன. திறந்தேன்.

நாடித்துடிப்பு 0. 0. 0...

வார்டுக்கு ஓடினேன். வெங் பெரியவர் கொய்யா தின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி வெளுத்திருக்கு? பழம் வேணுமா?"

அதன்பின் அந்தப் படுக்கையில் ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. "கேபிள் அப்படியே தொங்கட்டும், தொடாதே," என்றார் குவோ.

ஒரு வாரம் கழித்துத்தான் என் கைக்கடிகாரத்தின் நாடித்துடிப்பு வரைபடத்தைப் பார்த்தேன். தினமும் 2:47க்கு ஒரு வெற்றிடம். முதல் நாள் பதினொரு நொடி. நேற்று பதினாறு.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்த லியாவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நாலாம் போர்ட்ல டேப் ஒட்டினது நீங்களா?"

"கேபிள் சொருகிட்டியா?"

"ம்."

"பதினொண்ணுலதான் ஆரம்பிக்கும். சொருகினவனுக்கு மட்டும் நாளுக்கு நாள் ஏறும். எனக்கு நாப்பது நொடி ஆச்சு. கேபிளைப் பிடுங்கி டேப் ஒட்டினேன். என்னை விட்டுடுச்சு. அஞ்சாம் படுக்கைக்குப் போயிடுச்சு... அன்னைக்கே வேலையை விட்டுட்டேன்."

இன்று ஆகஸ்டு முப்பது. நேற்று என் கணக்கு முப்பத்து நான்கு நொடி. வெங் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்தாம் படுக்கைக்குக் காலையில் ஒரு பெண் வந்திருக்கிறாள். அட்டையில் வயது 19.

இதை எழுதும்போது மணி 2:41.

சிவப்பு டேப் மேசைமேல் இருக்கிறது.