இடது மூலை

முப்பது வருஷத்துக்கும் மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். கத்துவது எனக்குத் தொழில். பிள்ளைகளிடம் கத்தியிருக்கிறேன், ஆட்டோக்காரர்களிடம் கத்தியிருக்கிறேன், கேஸ் சிலிண்டர் தாமதமானால் போனில் கத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து "நாசமாப் போக" என்று வாய்விட்டுத் திட்டியது அந்தக் காலையில்தான்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஹாலில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டர் மேஜை இருக்கிறது. அதன் முன்னால் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். குளித்து, விபூதி இட்டு, மகளிடம் பேசுவதற்கென்றே இஸ்திரி போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தார், மவுஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"இல்ல" என்றார். "இல்ல, இல்ல."

தன் தலைக்குள் மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். முகம் கோணவில்லை, கை தொங்கவில்லை, கால் சரியாகத்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது கம்ப்யூட்டருக்கு. ராத்திரியோடு ராத்திரியாக அது தானாகவே புதுசுக்கு மாறியிருந்தது. அவர் தினமும் அழுத்துகிற பொத்தான் அதன் இடத்தில் இல்லை.

ஒரு பொத்தானுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். அவருக்கு ஸ்ட்ரோக் வந்த கதையைச் சொன்னால்தான் புரியும்.

கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவர் அவர். நாள் முழுக்க போனில் பேரம் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயாது. அப்படிப்பட்ட மனுஷருக்கு, ரிடையர் ஆன கொஞ்ச காலத்திலேயே, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. கால் மெல்லத் திரும்பியது. வலது கை பாதி திரும்பியது. பேச்சில் மிஞ்சியது மூன்றே வார்த்தைகள்: ஆமா, இல்ல, சாப்டியா. எழுத்து அடியோடு போய்விட்டது. பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவார். அதில் இருப்பது எறும்பு வரிசையாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் பெயரை எழுதிக் காட்டினால்கூட உதட்டைப் பிதுக்குவார்.

அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் எனக்கு ஒரு வழி காட்டினாள். "எழுத்துதான் போயிருக்கும்மா. இடம் போகல. எது எங்க இருக்குன்னு சாருக்கு நல்லாத் தெரியுது. அதைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். உண்மைதான். லஸ் கார்னர் வரைக்கும் தனியாக நடந்துபோய்த் தனியாகவே திரும்பி வருவார். இருட்டில் கையை நீட்டினால் தண்ணீர்ச் சொம்பு இருக்கும் இடத்துக்குச் சரியாகப் போகும்.

அப்படித்தான் கம்ப்யூட்டரைக் கற்றுக் கொடுத்தேன். போன் அவருக்குச் சரிப்படவில்லை. சின்னத் திரை, நடுங்குகிற கை, எதையோ தொட்டால் எதுவோ திறக்கும். கம்ப்யூட்டரில் எல்லாம் பெரிது, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்பினேன். இடது மூலைக்குப் போக வேண்டும், அழுத்த வேண்டும். பெட்டி திறக்கும். அதில் மேலே இருக்கிற பெரிய கட்டத்தை அழுத்த வேண்டும். மகள் முகம் வரும், அதை அழுத்தினால் மணி அடிக்கும். அவ்வளவுதான். இந்த மூன்று அழுத்தலுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. இடது கையில் மவுஸ் எங்கேயோ ஓடும். நான் பொறுமை இழந்து, "அங்க இல்லைங்க, கீழ, கீழ!" என்று வகுப்பில் கத்துவதுபோல் கத்துவேன். அவர் அதைவிடச் சத்தமாக, "சாப்டியா!" என்று என்னைத் திட்டுவார். கையில் வேறு வார்த்தை இல்லையே, பாவம், எதை வைத்துத் திட்டுவார்?

ஒருநாள் காலையில் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்தியதும் ஹாலில் மகளின் குரல் கேட்டது.

"அப்பா! நீங்களேவா பண்ணீங்க?"

"சாப்டியா?" என்றார் அவர்.

அவள் மெல்போர்னில் இருக்கிறாள். நமக்குக் காலைக் காபி நேரம், அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அவள் டப்பாவைத் திறந்து காட்டியபடியே அழுதாள். நான் கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்று அழுதேன். அவர் ஒருவர்தான் அழவில்லை. என்னமோ பெரிய டெண்டர் முடித்துவிட்டு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அது அவருடைய வேலை. நான் கிட்டே போக மாட்டேன். சட்டை மாற்றுவார், போய் உட்காருவார், அழுத்துவார். மணி அடித்த மறுகணம் அவள் "அப்பா!" என்று எடுப்பாள். சட்டை பொத்தான் போடுவதிலிருந்து மாத்திரை பிரிப்பது வரை எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். இந்த ஒன்றுக்கு நான் வேண்டாம். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் உட்காரும் தோரணையிலேயே தெரியும்.

அதைத்தான் கெடுத்தார்கள் பாவிகள்.

சில நாளாகவே, புதுசுக்கு மாறிக்கொள் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. நான் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதை அழுத்தினேன். 'சரி' என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 'பிறகு' என்பதைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓரத்தில் போட்டிருந்தார்கள். கடைசியில் கேட்காமலே மாற்றிவிட்டார்கள். வாடகை வீட்டில் ஓனர் ராத்திரி வந்து, அடுப்பை ஹாலுக்கும் கட்டிலைச் சமையலறைக்கும் மாற்றி வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்போமா? இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்குப் போய்விட்டது. மூலையில் ஒரு சூரியன் படமும் வெயில் எத்தனை டிகிரி என்ற கணக்கும் வந்து உட்கார்ந்திருந்தன. அவர் பழக்கத்தில் அதை அழுத்தியிருக்கிறார். தங்கம் விலை, லாரி விபத்து, யாரோ ஒரு நடிகையின் சிரிப்பு என்று ஒரு பெரிய பலகை திறந்துகொண்டது. மெட்ராஸ் வெயிலைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா? ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது.

மகளுக்கு என் போனிலிருந்து பேசினேன்.

"ஒண்ணும் இல்லம்மா, ஈஸிதான். நடுவுல தேடுற இடம் ஒண்ணு இருக்கும் பாரு. அதுல ரெண்டு எழுத்து டைப் பண்ணா போதும், தானா வந்துடும்" என்றாள்.

"யாருடி டைப் பண்றது?" என்றேன்.

"சாரிம்மா" என்றாள்.

எங்களுக்கு வழக்கமாக வரும் கம்ப்யூட்டர்காரர் ஊரில் இல்லை, குலதெய்வம் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அதனால் நானே ஒரு யோசனை செய்தேன். மகள் போனில் சொல்லச் சொல்ல, அவளைக் கூப்பிடும் படத்தைத் திரையின் அடி வரிசையில் கொண்டுவந்து வைத்தேன். அதற்கு நேர் கீழே, திரையின் சட்டத்தில், என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். நல்ல பெரிய சிவப்புப் பொட்டு.

"இதோ பாருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர்தான் மாறிடுச்சு. இனிமே மூலை வேண்டாம். பொட்டுக்கு நேர் மேல அழுத்துங்க."

அவர் நம்பவில்லை. தலையைத் தொட்டு, "இல்ல" என்றார். நான் அவர் தலையில் கை வைத்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்றேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தானாகவே போய் உட்கார்ந்தார். பொட்டுக்கு மேல் அழுத்தினார். "அப்பா!" என்று குரல் வந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "ஆமா" என்றார். எனக்கு உயிர் வந்தது. போய்ப் பாயசம் வைத்தேன், சர்க்கரைக்காரர் என்பதைக்கூட மறந்துவிட்டு.

அந்த வரிசை நகரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் இருப்பதால், வேறு எதையாவது திறந்து வைத்தால் பக்கத்தில் புதுப் படங்கள் வந்து சேர்ந்து, மொத்த வரிசையும் இடது பக்கம் ஒதுங்கிவிடுமாம். ஒருநாள் நான் கரண்ட் பில் கட்டுவதற்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, படம் பார்க்க ஒன்று என்று திறந்து, அப்படியே விட்டிருக்கிறேன். பொட்டு ஒட்டிய இடத்தில் நின்றது. மகளைக் கூப்பிடும் படம் நகர்ந்து போயிருந்தது.

அவர் பொட்டுக்கு மேல் அழுத்தினார். அங்கே வந்து நின்ற வேறு படம் ஒன்று ஏதோ கடையைத் திறந்தது, செருப்பும் வாட்சுமாக. மூடத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினார், அது மறைந்தது. மறுபடி அழுத்தினார், அதே செருப்பு வந்தது. நான் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் இது எத்தனை தடவை நடந்ததோ. வந்து பார்க்கும்போது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். ஸ்ட்ரோக் வந்தபோதுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

"ஐயோ, உங்க தப்பு இல்லைங்க! இது நகர்ந்துடுச்சுங்க! இந்தக் கட்டையில போற கம்ப்யூட்டர் நகர்ந்துடுச்சு!"

எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை. பொட்டு அங்கேயே இருந்ததே. அவர் பொட்டைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார், பிறகு தலையைத் தொட்டார். இடம் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. அதுவும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் லஸ்ஸுக்கு நடக்கவும் போகவில்லை. வழி தெரியாமல் போய்விடுமோ என்று பயம். கதவு வரை போய்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

கம்ப்யூட்டர்காரர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்காரர், தி.நகரில் சின்னக் கடை. உட்கார்ந்தார், எதையோ திறந்தார், எதையோ தட்டினார்.

"அவ்ளோதான் மேடம். பட்டன் லெஃப்ட் கார்னர்க்கு வந்துச்சு. அந்த வெயில் மேட்டரைத் தூக்கிட்டேன். பொண்ணைக் கூப்புட்ற படத்தை முதல் கட்டத்துல வெச்சுட்டேன். இனிமே நகராது."

"இவ்வளவுதானா?"

"ரெண்டு நிமிஷ வேலை மேடம். அல்லாருக்கும் இதே கம்ப்ளெயின்ட்டுதான், இத்த வெச்சே என் பொழப்பு ஓடிகினு கீது. நீங்க இன்னாத்துக்கு இம்மாம் டென்ஷன் ஆவுறீங்க?"

காபி கொடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிஷ வேலை அது. அதற்குள் என் வீட்டில் ஒரு மனுஷர் தன் மேல் இருந்த நம்பிக்கையைத் தொலைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நானே அவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன். "வாங்க. பழைய இடத்துலயே இருக்கு. வந்து பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். உட்கார்ந்தார். இடது மூலையைப் பார்த்தார். பொத்தான் அங்கேதான் இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார். கையை மவுஸ் வரை கொண்டுபோனார், ஆனால் தொடவில்லை. பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்தார். இழுத்து, மவுஸின் மேல் வைத்தார். தன் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்களே பண்ணுங்க. உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"இல்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

நான்தான் அழுத்தினேன். இப்போதும் தினமும் நான்தான் அழுத்துகிறேன். அவர் பக்கத்து நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். முகம் தெரிந்ததும் "சாப்டியா?" என்று கேட்கிறார், அவளும் டப்பாவைக் காட்டுகிறாள். ஒரு குறையும் இல்லை என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் சொல்லுவார்கள். ஆனால் மணி அடித்து எடுக்கும்போது அவள் இப்போதெல்லாம் "சொல்லும்மா" என்றுதான் எடுக்கிறாள்.