கட்டிலோடு பூட்டிய ஐந்து மாதம்

இஸ்திரிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அக்கா காலையிலேயே வந்து நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் இடம் பிடித்துவிட்டாள். தம்பி சிறையிலிருந்து தானே எழுதிப் போட்ட மனு இன்று விசாரணைக்கு வருகிறது. வாதாடப் போவதும் அவனேதான்.

தம்பி வெல்டர். அவன் பற்றவைத்த இரும்பு விட்டுப்போனதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. கோபம்தான் மூக்கின் மேல். பட்டறைச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு இரண்டு ஆண்டு உள்ளே போனான். தப்பு தப்புதான் என்று அக்காவே சொல்வாள். ஆனால் சிறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அதைச் சிறை அலுவலகம் தண்டனையில் சேர்க்கவில்லை. வெளியே இருந்த காலம் கணக்கில் வராதாம். சேர்த்தால் இன்றே விடுதலை. இல்லையென்றால் இன்னும் ஐந்து மாதம். பட்டறை முதலாளியோ மாதக் கடைசிவரைதான் இடம் வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

எட்டாவதோடு நின்ற பிள்ளை, சிறை நூலகத்தைக் கரைத்துக் குடித்திருந்தான். கூட இருந்தவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'சட்டம்'.

நீதிபதியைப் பார்த்ததும் சட்டத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. அக்கா முந்தானையை முறுக்கினாள். அவன் சட்டென்று குனிந்து பேண்ட்டின் வலது காலைச் சுருட்டினான். கணுக்காலைச் சுற்றி வளையமாக ஒரு தழும்பு.

"ஐயா, உடைஞ்சது இடது காலு. இந்தக் காலைத்தான் சங்கிலி போட்டுக் கட்டிலோட பூட்டி வெச்சாங்க. வெளிய இருந்தவனுக்கு எதுக்கய்யா பூட்டு?"

இவர் நினைத்திருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க முடியுமா என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் காவல் இருந்தார்கள், முடியாதுதான் என்று அவரும் மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். ஐந்து மாதமும் தண்டனைதான் என்று தீர்ப்பாயிற்று. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் சிறைவாசலில், மடிப்புக் கலையாத சட்டையை மாட்டிவிட்டு, நேரே பட்டறைக்கு இழுத்துப் போனாள். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இளைச்சுட்டியேடா. நாளைக்குக் காலையில வந்துடு."

"இப்பவே தொடங்கறேண்ணே."

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னிக்கு வீட்டை விட்டு நகரக் கூடாது. நான்தான் காவல்."

"அப்ப இதையும் தண்டனையில சேர்க்கணுமே அக்கா."

"போடேன், மனு."